மடிகணினியின் ஈசி (EC) ஃபேர்ம்வெயார் மேம்படுத்தலும் மீட்டெடுப்பும்: உங்கள் அனுபவங்கள்

கொக்குவில் திருத்துநர்:
ஃபேர்ம்வெயார், அதாவது சிப்புகளுக்குள் இருக்கும் அடிப்படை நிரல், மேம்படுத்தல் பாதியில் இருக்கையில் மின்சாரம் நின்று செத்துப்போன மடிகணினி ஒன்றை ஒரு மாணவி கொண்டுவந்தார். பற்றரி முன்னரே பழுதாகியிருந்ததால் அது சாஜரில் மட்டுமே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல் இருக்கும் பயோஸ் சிப்பின் 8 மெகாபைட் பிரதியை அவருடைய அண்ணா முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார். அதைத் திரும்ப எழுதிச் சரிபார்த்த பிறகும் பவர் பொத்தானுக்குச் சலனமே இல்லை. சாஜரைச் செருகினால் செம்மஞ்சள் விளக்குக்கூட எரியவில்லை. அந்த இருண்ட விளக்குத்தான் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது, ஏனெனில் அதை எரிப்பது பிரதான செயலி அல்ல, ஈசி; அதாவது பவர் பொத்தான், விசைப்பலகை, மின்னேற்றம் ஆகியவற்றைக் கவனிக்கும் சிறு கட்டுப்பாட்டுச் சிப். பலகையில் இருந்தது கேபி9012 என்ற ஈசி. அதன் நிரல் ஈசிக்கு உள்ளேயே உள்ள 128 கிலோபைட் நினைவகத்தில் இருப்பதால், பயோஸ் சிப்பின் பிரதிக்குள் அது வருவதே இல்லை. அதே பலகை எண்ணுள்ள இன்னொரு கணினியின் ஈசிப் பிரதியை, விசைப்பலகை இணைப்பியின் கம்பிகள் வழியாக ஃப்ளாஷ்ரொம் என்ற மென்பொருள் கொண்டு எழுதிய பிறகுதான் விளக்கு எரிந்தது.

நல்லூர் வாசகர்:
இவ்வளவு சிரமப்படாமலும் மீட்கலாம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தபோது என் மடிகணினியும் இதேபோல் நின்றது. மீட்புக் கோப்பை யூஎஸ்பியில் போட்டு, விண்டோஸ் விசையையும் பி விசையையும் அழுத்தியபடி பவரைக் கொடுத்தேன். திரை சிறிது நேரம் கறுப்பாகவே இருந்து, பிறகு எழுத்துகள் தோன்றின. இதை முதலில் முயன்றிருக்கலாமே?

சுன்னாகம் மின்னணுவியலாளர்:
நல்லூர் அன்பருக்கு: விசைகளை வாசிப்பதே ஈசிதான். அது செத்த கணினியில் எந்த விசையை அழுத்தினாலும் கேட்பதற்கு ஆள் இல்லை. உங்களுடையதில் பயோஸ் மட்டும் பழுதடைந்து ஈசி தப்பியிருக்க வேண்டும்.

என்னிடம் ஒருவர் அனுப்பிய பிரதியைத் திறந்தபோது முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எஃப்எஃப் மட்டுமே, அதாவது வெறுமை மட்டுமே இருந்தது. வாசிக்கும் கருவியின் கிளிப் சிப்பின் கால்களைச் சரியாகக் கௌவவில்லை. கோப்பின் அளவு சரியாக இருந்ததால் அவர் அதை நம்பி மேம்படுத்தியும் விட்டார். ஆகவே யாரும் கேட்காவிட்டாலும் எழுதுகிறேன். ஒரு முறை வாசித்து, கிளிப்பைக் கழற்றி மீண்டும் பொருத்தி, மறுபடி வாசித்து, இரண்டு கோப்புகளின் எஸ்எச்ஏ256 மதிப்புகளும் (உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும், கைரேகை போன்ற எண்) ஒன்றாக இருந்தால் மட்டுமே அதைப் பிரதி என்று கொள்ளுங்கள். பிரதியை மேம்படுத்தப்படும் கணினியிலேயே வைக்காதீர்கள். சிப்பை வாசிக்கவும் எழுதவும் பயன்படும் கறுப்புநிற சிஎச்341ஏ பலகைகள் பல, மின்வழங்கல் 3.3 வோல்ற்றாக இருந்தாலும் தரவுக் கம்பிகளில் 5 வோல்ற்றைத் தருகின்றன. மாற்றியமைக்காமல் பயன்படுத்த வேண்டாம். சிப்பின் பெயரைக் கடைசி எழுத்துவரை வாசியுங்கள்: டபிள்யூ25கியூ64எஃப்வி 3.3 வோல்ற்றுச் சிப், டபிள்யூ25கியூ64எஃப்டபிள்யூ 1.8 வோல்ற்றுச் சிப். பின்னதற்கு இடையில் வோல்ற்றளவைக் குறைக்கும் மட்டமாற்றி அவசியம்.

கொக்குவில் நண்பரோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. இன்னொரு கணினியின் பிரதியை எழுதினால் தொடரிலக்கம், வலையமைப்பு முகவரி, விண்டோஸ் உரிமத் திறவுகோல் எல்லாமே அந்நியக் கணினியினுடையவை ஆகிவிடும்.

கொக்குவில் திருத்துநர்:
அது பயோஸ் சிப்புக்கு முற்றிலும் பொருந்தும்; அதனாலேயே அங்கே மாணவியின் சொந்தப் பிரதியைத்தான் எழுதினேன். பிற கணினியிலிருந்து வந்தது ஈசியின் 128 கிலோபைட் மட்டுமே. இயங்கத் தொடங்கியதும் தொடரிலக்கத்தை அடிப்பக்க ஒட்டியோடு ஒப்பிட்டேன், பொருந்தியது. விண்டோஸும் உரிமம் கேட்கவில்லை. மாணவியின் பயோஸ், ஈசிப் பிரதிகள் இரண்டையும் இப்போது தனித்தனிக் கோப்புகளாக, பலகை எண்ணையும் பதிப்பெண்ணையும் பெயரில் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். புதுப் பற்றரி வாங்கும்வரை மேம்படுத்தல் பக்கம் போக வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.