ஊசி காந்தமாகிவிட்டது, இந்த இழுப்பு எங்கிருந்து வருகிறது?

கேள்வி (தையல் அக்கா):
வணக்கம். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறேன். குண்டூசி கொட்டினால் பொறுக்க, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய வட்டக் காந்தம் ஒன்று வைத்திருக்கிறேன். அதன் மேல் ஒரு வாரம் கிடந்த கைத்தையல் ஊசி இப்போது தானே குண்டூசியைத் தூக்குகிறது! காந்தத்தின் சக்தி ஊசிக்குப் போய்விட்டதா? அப்படியென்றால் காந்தத்தில் குறைய வேண்டுமே, குறையவில்லை. எட்டாவது படிக்கும் பையன் கேட்கிறான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்னொன்று, எவர்சில்வர் தட்டில் காந்தம் ஒட்டவே மாட்டேன் என்கிறது. அதுவும் இரும்புதானே?

பதில் (இயற்பியல் மாணவன்):
அக்கா, காரணம் எலக்ட்ரான். ஒவ்வொரு எலக்ட்ரானும் பிறவியிலேயே ஒரு குட்டிக் காந்தம். பெரும்பாலான பொருள்களில் இரண்டிரண்டாகச் சேர்ந்து எதிரெதிராக நின்று ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். இரும்பு அணுவில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் உண்டு.

பதில் (வைண்டிங் கடைக்காரர்):
தம்பி சொன்னது சரி. நான் முப்பது வருடம் மோட்டார் வைண்டிங் செய்தவன், மீதியைச் சொல்கிறேன் அம்மா.

உங்கள் காந்தம் ஊசிக்குத் தன்னிடமிருந்து எதையும் கொடுக்கவில்லை. உள்ளே ஏற்கெனவே இருந்ததை ஒழுங்குபடுத்தியது. இரும்பில் அந்தக் குட்டிக் காந்தங்கள் கூட்டம் கூட்டமாக ஒரே திசை பார்த்து நிற்கும். அந்தக் கூட்டத்துக்கு டொமைன் என்று பெயர், 1907இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் வைஸ் முன்வைத்த கருத்து. புது ஊசியில் ஒரு கூட்டம் கிழக்கே பார்த்தால் இன்னொன்று மேற்கே பார்க்கும், வெளியே ஒன்றும் தெரியாது. காந்தத்தின் மேல் கிடந்தபோது அதன் திசைக்கு ஒத்த கூட்டங்கள் பெருத்து மற்றவை சுருங்கிவிட்டன. ஊசி கெட்டியான எஃகு, அதனால் எடுத்த பிறகும் அப்படியே நின்றுவிட்டது. மோட்டாருக்குள் நாங்கள் அடுக்கும் ஸ்டாம்பிங் தகடு இதற்கு நேர் எதிர். சிலிக்கான் கலந்த இரும்பு அது. வினாடிக்கு 50 சுற்று கரண்ட் திசை மாற மாற அதுவும் மாறும், கரண்டை நிறுத்தினால் ஏறக்குறைய எல்லாம் போய்விடும்.

பக்கத்துப் பக்கத்து அணுக்கள் ஏன் ஒரே திசை பார்க்கின்றன? காந்தமாக ஒன்றையொன்று இழுப்பதால்தான் என்று நானும் ரொம்ப நாள் நினைத்தேன். அந்த இழுப்பு போதவே போதாது, அறையின் சூடே கலைத்துவிடும். எலக்ட்ரான்களுக்கு இடையே உள்ள மின் விலக்கமும், ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான் இருக்கக் கூடாது என்ற குவாண்டம் விதியும் சேர்ந்துதான் அவற்றை வரிசையில் நிறுத்துகின்றன. 1928இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஹைசன்பர்க் இந்த வழியில் விளக்கம் கொடுத்தார்.

இது பக்கத்துப் பக்கத்து அணுக்களுக்கு இடையே நடப்பது, ஆகவே அவை அடுக்கப்பட்டிருக்கும் விதம் முக்கியம். பாத்திர எவர்சில்வரில் குரோமியம், நிக்கல் எல்லாம் கலந்து அந்த அடுக்கே வேறாகிவிடுகிறது. இரும்பு நிறைய இருந்தும் ஒட்டாது. மடித்த விளிம்பில் வைத்துப் பாருங்கள், லேசாக ஒட்டலாம். தகட்டை வளைக்கும்போது அந்த இடத்தில் மட்டும் அடுக்கு கொஞ்சம் மாறும்.

பையனுக்கு ஒரு சோதனை: ஊசியைக் கொறடில் பிடித்து அடுப்பில் நன்றாகச் சிவக்கக் காய்ச்சுங்கள். இரும்புக்கு 770 டிகிரி செல்சியஸ் தாண்டினால் வரிசை கலைந்துவிடும். அந்த ஊசியில் பிறகு தைக்காதீர்கள், பதம் போயிருக்கும்.

தையல் அக்கா:
ஐயா, செய்து பார்த்துவிட்டோம். சிவந்து ஆறிய ஊசி ஒரு குண்டூசியைக்கூட அசைக்கவில்லை. அப்புறம் பையன் அதையே ஸ்பீக்கர் காந்தத்தில் ஒரே பக்கமாக இருபது முறை தேய்த்தான், மறுபடி ஒன்றைத் தூக்கியது. தட்டின் விளிம்பிலும் லேசாக ஒட்டுகிறது. இப்போது வீட்டிலுள்ள பாத்திரம் அத்தனையையும் எடுத்துவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.