டூப்ளிகேட் பைல் அழிக்கப் போய் எதை அழித்தீர்கள்?

மஸ்கெலியா மழை:

சரி, முதலில் நானே சொல்லிவிடுகிறேன், ஒன்றரை வருடமாக மனதில் கிடந்து அரிக்கிறது. 500 ஜிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் சிவப்புக் கோட்டுக்கு வந்துவிட்டது. அக்கா கல்யாணம், மாசியில் எங்கள் தோட்டத்தில் நடந்த காமன்கூத்து வீடியோ, எல்லாம் மூன்று மூன்று தடவை கிடக்கிறது, ஏனென்றால் போன் மாற்றும்போதெல்லாம் பழைய போனை அப்படியே டிஸ்க்கில் கொட்டிவிடுவேன், பிறகு பிரிக்கலாம் என்று. அந்தப் பிறகு வரவே இல்லை. டூப்ளிகேட் தேடித் தருகிற ட்யூப்குரு என்ற மென்பொருளைப் போட்டேன். சாதாரணமாகத் தேடினால் கொஞ்சம்தான் பிடித்தது. பேராசை. படங்களுக்கான மோடுக்கு மாற்றி, எவ்வளவு ஒத்துப்போக வேண்டும் என்கிற அந்த இழுப்பை 95இலிருந்து 80க்கு இறக்கினேன். நாலாயிரத்துச் சொச்சம் வந்தது. எல்லாவற்றையும் டிக் பண்ணி அழித்தேன். இடம் வேண்டும் என்றுதானே இவ்வளவும் என்று கையோடு ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன்.

கல்யாணத்தில் ஸ்டூடியோக்காரர் ஒரே இடத்தில் நின்று டக் டக் டக்கென்று ஐந்தாறு எடுப்பார் தெரியுமல்லவா. அப்பாயி ஸ்தோப்பில், வாசல் திண்ணையில், உட்கார்ந்திருக்கிற படம் அப்படி ஆறு இருந்தது. நாலில் அடையாள அட்டைக்கு எடுப்பதுபோல முறைத்துக்கொண்டிருக்கும். ஒன்றில் கண் மூடியிருக்கும். ஒன்றே ஒன்றில், யாரோ என்னவோ சொல்லியிருக்கிறார்கள், வெற்றிலைப் பல் தெரியச் சிரிக்கும். அந்த மென்பொருளுக்கு ஆறும் ஒன்றுதான். ஒன்றை விட்டுவைத்தது. கண் மூடிய படத்தை.

அப்பாயி போன ஆடியில் போய்விட்டது. மாலை போட்டு மாட்ட என்னிடம் இருப்பது அதுதான்.

கொட்டகலை டீச்சர்:

தம்பி, படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

என்னுடையது இவ்வளவு பெரிதில்லை, ஆனால் வெட்கம். 2022இல் கரண்ட் போனது எல்லாருக்கும் நினைவிருக்கும், மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம். என் மேசைக் கம்பியூட்டருக்கு யூபிஎஸ் கிடையாது. அதனால் தவணைப் பரீட்சை வினாத்தாள் அடிக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வேறு பெயரில் சேவ் பண்ணுகிற பழக்கம் வந்தது, திறந்திருக்கும் பைல் கரண்ட் போகும்போது கெட்டாலும் முந்தினது மிஞ்சும் என்று. தரம் எட்டு, தமிழ். கடைசியில் பதினேழு பைல். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு.

அவசரத்தில் ஒன்றைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு போய் அறுபது கொப்பி எடுத்தேன். அந்த வருடம் கடதாசிக்கு இருந்த தட்டுப்பாடு தெரியும்தானே, மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். அப்பேர்ப்பட்ட நேரத்தில் அறுபது. காலையில் வகுப்பில் கொடுத்து முடித்தேன், முன் வரிசையில் ஒரு பிள்ளை எழுந்து நின்று, "டீச்சர், இதுல விடைக்குக் கீழ கோடு போட்டிருக்கு" என்றது. புள்ளி போடுவதற்காக நான் தனியாக வைத்திருந்த கொப்பி அது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் அந்தப் பிள்ளையைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

பண்டாரவளை அண்ணன்:

தம்பி, கவலைதான், ஆனால் மென்பொருளைக் குறை சொல்லாதீர்கள். 80க்கு இறக்கியது நீங்கள். "ஒரே மாதிரி" என்பதும் "ஒன்றேதான்" என்பதும் வேறு வேறு. எனக்கும் ஒரு தடவை நடந்தது, பாட்டுகள், பெரிதாக ஒன்றுமில்லை, விடுங்கள். இனி வருகிறவர்களுக்காக முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

அச்சு அசலான டூப்ளிகேட்டைத் தேடும்போது எந்த நல்ல மென்பொருளும் முதலில் பைலின் அளவைப் பார்க்கும். ஒரு பைட் வித்தியாசம் இருந்தாலும் அது வேறு பைல், அங்கேயே தள்ளிவிடும். அளவு ஒத்துப்போனவற்றுக்கு மட்டும் உள்ளே இருப்பதை முழுக்கப் படித்து ஒரு கணக்குப் போடும், அதுதான் ஹாஷ். பழையது எம்டி5, பிறகு வந்தது எஸ்எச்ஏ-256. பைலின் பெயரை என்னவாக மாற்றினாலும் ஹாஷ் மாறாது, ஆனால் உள்ளே ஒரே ஒரு எழுத்து மாறினால் மொத்தமும் தலைகீழாகிவிடும். நீங்களே பார்க்கலாம், இதற்கு எதையும் இறக்க வேண்டாம், விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து கெட்-ஃபைல்ஹாஷ் என்று அடித்துப் பக்கத்தில் பைலைக் கொடுங்கள், அறுபத்து நான்கு எழுத்தில் ஒரு வரி வரும். இரண்டு பைலுக்கும் அது ஒன்றாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை அழிக்கலாம்.

வட்ஸ்அப்பில் வந்த போட்டோவை டூப்ளிகேட் என்று நினைக்காதீர்கள். அது அனுப்பும்போதே படத்தைச் சுருக்கி, எடுத்த தேதி, கமெரா விவரம் எல்லாவற்றையும் உரித்துவிட்டுத்தான் அனுப்பும். ஒரே படம்போலத் தெரியும், ஒரிஜினலை அழித்துவிட்டு இதை வைத்துக்கொண்டால் பெரிதாக்கும்போது கட்டம் கட்டமாக அழுவீர்கள். அதேபோல விண்டோஸ் போல்டருக்குள் தேடவே தேடாதீர்கள். புரோகிராம் ஓடத் தேவையான டிஎல்எல் பைல் எல்லாம் நாலைந்து இடத்தில் இருக்கும், ஒவ்வொரு புரோகிராமும் தன்னுடையதைத் தேடும். வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒரு போல்டர் பல ஜிபி காட்டும், அதில் நிறைய ஹார்ட் லிங்க், அதாவது ஒரே பைலுக்கு இரண்டு வாசல், எக்ஸ்புளோரர் இரண்டு தடவை எண்ணுகிறது, அழித்தாலும் நினைத்த இடம் கிடைக்காது, கம்பியூட்டர்தான் எழும்பாது. இன்னொன்று, எந்த நாளும் அழிக்காதீர்கள், வேறு போல்டருக்கு நகர்த்திவையுங்கள், ஒரு மாதம் கிடக்கட்டும். டீச்சர், உங்களுக்கும் ஒன்று, பெயரின் முன்னால் வருடம், மாதம், தேதி, நேரம் போட்டால்...

மஸ்கெலியா மழை:

அண்ணே, நான் அனுபவம்தான் கேட்டேன்.

பண்டாரவளை அண்ணன்:

அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

ஹட்டன் கொமினிகேஷன்:

நான் கடையில் வேலை செய்கிறேன், போட்டோ கொப்பி, லெமினேட்டிங், விண்ணப்பம் நிரப்புவது. ஷோர்ட்கட் வைரஸ் வந்த பென்டிரைவ் வாரத்துக்கு ஒன்றாவது வரும். எல்லாரும் பார்த்திருப்பீர்கள், உண்மையான போல்டரை ஒளித்துவைத்துவிட்டு அதே பெயரில் ஒரு ஷோர்ட்கட்டை முன்னால் வைக்கும்.

ஒரு அக்கா வந்தார். மகன் வெளிநாட்டு வேலைக்குப் போகிறான், சான்றிதழ் எல்லாம் ஸ்கேன் பண்ணி அந்த பென்டிரைவில், மறுநாள் காலை ஏஜென்சிக்கு அனுப்ப வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் யாரோ ஒளித்திருப்பதைக் காட்டுகிற செட்டிங்கைப் போட்டுவிட்டிருக்கிறான். உடனே ஒவ்வொரு போல்டரும் இரண்டாகத் தெரிந்திருக்கிறது, ஒன்று மங்கல், ஒன்று பளிச். "ரெண்டு ரெண்டா இருந்திச்சு தம்பி, மங்கலா இருந்தத அழிச்சிட்டேன்." மங்கலாக இருந்ததுதான் உண்மையான போல்டர். பென்டிரைவில் அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்.

அழிந்த பைலை மீட்கிற போட்டோரெக்கை ஓட்டினேன். நல்ல காலம், அதற்குப் பிறகு அதில் எதையும் எழுதவில்லை, அதனால் வந்தது, ஆனால் பெயர் வராது, எல்லாம் எஃப் என்ற எழுத்தும் ஒரு நீள இலக்கமுமாக இரண்டாயிரம் பைல். பாதி சினிமா ஸ்டில். இரவு கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். அந்த அக்காவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, ஆனால் மகனுடைய பிறப்புச் சான்றிதழ் வந்ததும் என்னைவிட முந்தி விரலை வைத்துவிட்டார். மூலையில் தேநீர்க் கறை ஒன்று இருந்ததாம். அவர் கொழுந்து பறிக்கிற கை, விரல் நுனியெல்லாம் கறுப்பாக, ஸ்கிரீனில் பட்ட அடையாளத்தை அடுத்த நாள்வரை நான் துடைக்கவில்லை, ஏனென்று கேட்காதீர்கள்.

காசு வாங்கவில்லை. முதலாளிக்குத் தெரியாது.

கந்தப்பொல குளிர்:

ஒன்டிரைவ், பைலை இணையத்தில் சேமிக்கிற மைக்ரோசொப்ட்டின் சேவை. நானும் டோஹாவில் இருக்கிற அண்ணனும் ஒரே கணக்கு. என் லெப்டொப்பில் டெஸ்க்டொப், டொக்கியுமென்ட் எல்லாம் தானாக அதற்குள் போய்விட்டது, எனக்குத் தெரியவே தெரியாது. "இதென்ன இரண்டு இடத்தில்" என்று இங்கே அழித்தேன். அங்கேயும் போய்விட்டது. அண்ணன் எடுத்த முதல் கோல், "என் கொன்ட்ராக்ட் எங்கடா?" இணையத்தில் ஒன்டிரைவின் சொந்த ரீசைக்கிள் பின்னில் முப்பது நாள் இருக்கும், நாங்கள் இருபத்தெட்டாம் நாள் கண்டுபிடித்தோம். அண்ணன் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

கோயில் கணக்கு:

பண்டாரவளை அண்ணன் ஹாஷ் ஒன்றாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம் என்கிறார். முடியாது அண்ணே. என் மனைவி ஒரே படத்தை இரண்டு போல்டரில் வேண்டுமென்றே வைப்பார், ஒன்று அவருடைய அம்மா வீட்டு ஆல்பம், ஒன்று எங்கள் வீட்டு ஆல்பம். நீங்கள் சொன்ன மாதிரியே, ஹாஷ் பார்த்து, முறையாக, மாமியார் ஆல்பத்திலிருந்து மாமியாரையே எடுத்துவிட்டேன். படம் எங்கேயும் தொலையவில்லை, எங்கள் போல்டரில் இருக்கிறதே என்று காட்டினேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

மற்றப் பக்கமும் இருக்கிறது. தேர்த் திருவிழா அழைப்பிதழ் எங்களிடம் ஒரு காலத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது, இப்போது யூனிகோடில் அடித்தது, இரண்டும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்று. உலகத்தில் எந்த ஹாஷும் அதை டூப்ளிகேட் என்று சொல்லாது. பாமினி எழுத்துரு இல்லாத கம்பியூட்டரில் திறந்தால் அம்மன் பெயரே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். புதிதாக வந்த செயலாளர் அதைப் பார்த்து வைரஸ் பிடித்த பைல் என்று அழித்துவிட்டார், பதினொரு வருடத்து உபயகாரர் பட்டியலும் அந்தப் போல்டரில்தான் இருந்தது. அது எழுத்துரு இல்லாத குறைதான் என்று அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் கொடியேற்றமே வந்துவிட்டது.

பண்டாரவளை அண்ணன்:

மாமியார் விஷயத்தில் ஹாஷ் தவறில்லை.

பதுளைப் பக்கம்:

நான் வழக்கமாக வாசிப்பதோடு சரி. இதில் எழுத வேண்டும்போல இருந்தது.

என் தங்கச்சியோடு எப்போதும் சண்டை, கொழும்பில் இருக்கிறாள், வரும்போதெல்லாம் என் கம்பியூட்டரிலிருந்து எல்லாப் படத்தையும் அவளுடைய டிஸ்க்கில் கொப்பி பண்ணிக்கொண்டு போவாள், பிறகு அவளே எனக்குத் திருப்பி அனுப்புவாள், ஒன்று மூன்றாகிவிடும். "குப்பை சேர்க்காதடி" என்பேன். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மேட்டிலிருந்து மண் இறங்கி எங்கள் லயத்தில் நாலு காம்பரா, நாலு வீடு, போனது. ஆட்கள் முதல்நாளே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டோம், தப்பினோம். கம்பியூட்டர், பக்கத்தில் பேக்கப் என்று நான் வைத்திருந்த டிஸ்க், இரண்டும் ஒரே அலுமாரியில்தான் இருந்தன.

ஜனவரியில் தங்கச்சி வந்து டிஸ்க்கை மேசையில் வைத்தாள். நான் குப்பை என்று சொன்னதை அவள் ஒரு வார்த்தை நினைவுபடுத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் என்னவோ போலிருக்கிறது.

மஸ்கெலியா தம்பி, கல்யாணத்தன்று அந்தப் படத்தை யாருக்காவது அனுப்பியிருப்பீர்களே? சொந்தக்காரர் போன்களில் பார்த்தீர்களா?

கொட்டகலை டீச்சர்:

ஸ்டூடியோவில் கேட்டீர்களா தம்பி? சிலர் வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள்.

மஸ்கெலியா மழை:

ஸ்டூடியோவில் அப்போதே கேட்டேன் டீச்சர், ஆறு மாதத்தில் அழித்துவிடுவார்களாம்.

பதுளை அக்காவோ அண்ணனோ, நீங்கள் கேட்ட பிறகுதான் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை சாமிமலைக்குச் சித்தி வீட்டுக்குப் போனேன். சித்தியின் போனில் இடமே இல்லை, ஒரு மாதமாக யாருடைய மெசேஜும் முழுதாக இறங்குவதில்லை, குட்மோர்னிங் பூ மட்டும் ஆயிரம் இருக்கும். மேலே தள்ளித் தள்ளிக் கல்யாண வாரத்துக்குப் போனால் இருக்கிறது, நான்தான் அனுப்பியிருக்கிறேன், அன்றைக்கே, எனக்கு நினைவே இல்லை. வெறும் 130 கேபி. பெரிதாக்க முடியாது, போஸ்ட்கார்ட் அளவுக்கு மேலே போனால் முகம் கரைகிறது. ஆனால் பல் தெரிகிறது.

ஒன்றல்ல, மூன்று இருந்தது. நான் அனுப்பியது, அத்தை குரூப்பில் போட்டது, சித்தி ஸ்டேட்டஸ் வைத்தது. சித்தி அந்த நேரம் பார்த்து, "தம்பி, நீ கம்பியூட்டர் படிச்ச பிள்ளதானே, இதுல ஒரே படம் நெறைய நெறைய கெடக்கு, அழிச்சுத் தர்றியா" என்றார். கை நடுங்கிவிட்டது. பூவை மட்டும் அழித்துக் கொடுத்தேன்.

பண்டாரவளை அண்ணன்:

ரொம்பச் சந்தோஷம் தம்பி. அந்த மூன்றில் எது பெரிய பைல் என்று பார்த்தீர்களா? குரூப்பில் போட்டது இன்னொரு தடவை சுருங்கியிருக்கலாம். மூன்றையும் கேபிளால் எடுங்கள், வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள்.