எடை குறைக்கும் மாதங்களில் வயிறார உண்பது: பிள்ளை வளர்ப்போரின் அனுபவப் பகிர்வு

இரு பிள்ளைகளின் தாய், அலுவலகப் பணியில் இருப்பவர்

உடல் எடையைக் குறைப்பது பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும், எதையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்பதிலேயே போய் முடிகிறது. பிள்ளைகளையும் வேலையையும் ஒருசேரச் சுமப்பவர்களுக்கு அதைவிடக் கடினமான காரியம், குறைத்து உண்ணும் அந்த மாதங்களிலும் உடம்புக்குப் போதுமான அளவு உண்பதுதான். இதில் உங்களுக்கு எது கைகொடுத்தது என்று அறிய விரும்புகிறேன். என் அனுபவத்தை முதலில் எழுதிவிடுகிறேன்.

என் வீட்டில் காலை நேரம் முழுவதும் பிள்ளைகளுடையது. இருவருக்கும் உண்ணக் கொடுத்து, உடுத்தி, பைகளை அடுக்கி அனுப்பிவிட்டு நான் கிளம்பும்போது என் வயிற்றில் ஒரு கோப்பை தேநீர்தான் இருக்கும். மதியம் வேலைக்கு நடுவே எதையாவது கொறிப்பதோடு சரி. அன்றைய கணக்கு மிகவும் சிக்கனமாகத் தோன்றும். ஆனால் அந்தச் சிக்கனம் மாலை வரைதான் நிற்கும். பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி எடுத்து வைக்கும்போது வாய்க்குப் போகத் தொடங்கும் கை, இரவு அவர்கள் உறங்கிய பிறகும் ஓயாது. மன உறுதி போதாது என்று வீட்டில் உள்ளவர்கள் சொன்னார்கள். பகல் முழுவதும் பட்டினி கிடக்க முடிந்த ஒருத்திக்கு மன உறுதி இல்லை என்பது எனக்கு விந்தையாகவே பட்டது.

நான் பார்த்த உணவியல் வல்லுநர் இரவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நண்பகலுக்கு முன் என்ன உண்கிறீர்கள் என்றுதான் கேட்டார். பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். 1990-இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரத்தின்படி, 35 வயதும் 160 சென்டிமீட்டர் உயரமும் 70 கிலோ எடையும் உள்ள ஒரு பெண் நாள் முழுவதும் அசையாமல் படுத்திருந்தாலே அவர் உடல் ஏறக்குறைய 1,360 கலோரி செலவிடும். வீட்டு வேலையும் அலுவலகம் போய்வருவதும் சேர்ந்தால் செலவு 1,900-ஐ ஒட்டி வரும். அதிலிருந்து 300 முதல் 500 வரை குறைத்துக்கொண்டாலும் உண்பதற்கு 1,400 முதல் 1,600 கலோரி இருக்கிறது. மூன்று வேளை உட்கார்ந்து உண்ண அது போதும். அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்டது நிம்மதி. எனக்கென்று இவ்வளவு உணவு அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

பிள்ளைகளின் உணவுப் பெட்டிகளை நிரப்பும் அதே நேரத்தில் எனக்கும் ஒரு பெட்டி நிரப்புகிறேன்; இதற்காகத் தனியே நேரம் ஒதுக்கவில்லை. காலையில் இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் தயிரும், அல்லது வேகவைத்த பயறும் பழமும். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. வெந்த பருப்பு நூறு கிராமில் ஏறக்குறைய ஒன்பது கிராம். எடை குறைக்கும் காலத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் இருந்தால் தசை கரைவது குறையும் என்பதால், அதை மூன்று வேளைக்கும் பிரித்து வைக்கிறேன். மாலைப் பசி இன்னும் வருகிறது. ஆனால் ஒரு தட்டு உணவோடு அடங்கிவிடுகிறது. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருப்பதால், நாளுக்கு நானூறு குறைத்தால் ஒரு கிலோ கரைய மூன்று வாரம் ஆகும். அந்த வேகம் எனக்குப் போதும்.

சுழற்சி முறைப் பணியில் இருக்கும் தந்தை, கைக்குழந்தை உள்ளவர்

மேலே எழுதியிருக்கும் சகோதரியின் காலைப் பெட்டி யோசனையை நானும் பின்பற்றியிருப்பேன்; ஆனால் என் காலை எப்போது தொடங்குகிறது என்பதே வாரத்துக்கு வாரம் மாறும். குழந்தை இரவில் பலமுறை விழிக்கும். நானும் மனைவியும் மாறி மாறி எழுந்திருப்போம். துண்டு துண்டான உறக்கத்துக்குப் பிறகு வரும் பசி வேறு வகையானது. அது உணவைக் கேட்பதில்லை, இனிப்பையும் கொழுப்பையும் பெயர் சொல்லிக் கேட்கும்.

இதற்கு உடலியல் காரணம் உண்டு என்பதை மருத்துவர் ஒருவர் விளக்கினார். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு உறக்கம் குறைந்தால் கூடுகிறது. 2010-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிக எடையுள்ள பத்துப் பேருக்கு ஒரே அளவு குறைந்த கலோரி உணவைக் கொடுத்து, இரண்டு வாரம் இரவில் எட்டரை மணி நேரமும், இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் மட்டும் படுக்கையில் இருக்க அனுமதித்தார்கள். இரண்டு முறையும் குறைந்த எடை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் உறக்கம் குறைந்த வாரங்களில் கரைந்த கொழுப்பு 55 விழுக்காடு குறைவு, மீதி இழப்பு தசை முதலிய கொழுப்பற்ற பகுதியிலிருந்து வந்தது. பத்துப் பேரை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான் என்றாலும், என் உடம்பில் நான் கண்டதோடு அது பொருந்திப்போனது: எடைக்கருவி இறங்கியது, மாடிப்படி ஏறும்போது கால் தளர்ந்தது.

குழந்தைக்குக் காய்ச்சல், பல் முளைப்பு, தொடர்ந்து இரவுப் பணி என்று வரும் வாரங்களில் இப்போது நான் எடையைக் குறைக்க முயல்வதே இல்லை. உடல் செலவிடும் அளவுக்குச் சமமாக உண்டு, எடை ஏறாமல் பார்த்துக்கொள்கிறேன். உறக்கம் ஓரளவு கிடைக்கும் வாரங்களில் மட்டும் குறைக்கிறேன். இரவுப் பணிக்குச் செல்லும் நாளில் முதன்மையான உணவை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே உண்டுவிடுவேன். நள்ளிரவில் பசித்தால் எடுத்துச்சென்ற தயிரும் பழமும் இருக்கும். இடைவெளி விட்டால் எல்லாம் வீணாகிவிடும் என்று சொல்பவர்கள் கைக்குழந்தையோடு வாழ்ந்து பார்த்தவர்களாகத் தெரியவில்லை.

பாலூட்டும் தாய்

ஒரு செய்தியை மட்டும் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் மேலே உள்ள எண்களை என்னைப் போன்றவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பாலூட்டும் காலத்தில் உடலுக்கு நாளொன்றுக்கு 330 முதல் 400 கலோரி வரை கூடுதலாகத் தேவைப்படுகிறது. பிள்ளை பிறந்த சில வாரங்களிலேயே பழைய எடைக்குத் திரும்ப வேண்டும் என்று உறவினர்கள் சொல்லத் தொடங்கினார்கள். என் மாமியார்தான் அவர்களை அடக்கி, முதலில் இவள் சாப்பிடட்டும் என்றார். பால் சுரப்பு நிலைத்த பிறகு, மருத்துவரின் ஒப்புதலோடு வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் போகாதபடி குறைத்து வருகிறேன். குழந்தையின் எடை வழக்கம்போல் ஏறுகிறது. பாலூட்ட உட்காரும் இடத்தில் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் கொட்டைப்பருப்பும் வைத்திருப்பேன், ஏனென்றால் ஒருமுறை உட்கார்ந்தால் எப்போது எழுந்திருப்போம் என்பது நம் கையில் இல்லை.

செவிலியர், மூன்று பிள்ளைகளின் தாய்

மூவரும் எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன்; ஆயினும் இத்தகைய பேச்சைக் கேட்டவர்கள் அடுத்த அடியாகச் சொல்லும் ஒன்றை மறுக்க வேண்டியிருக்கிறது. குறைவாக உண்டால் உடல் எடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், ஆகவே அதிகம் உண்டால்தான் இளைக்க முடியும் என்று என்னிடம் வருபவர்களில் பலர் நம்புகிறார்கள். அது உண்மையன்று. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944–45-இல் உடலியல் ஆய்வாளர் ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வில், போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரங்கள் அரைப்பட்டினியாக வாழ்ந்தார்கள். அவர்களின் உடல் செலவிடும் ஆற்றல் குறைந்தது உண்மை. இருந்தும் எடை இறங்கிக்கொண்டே இருந்தது, ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை இழந்தார்கள். பட்டினியால் எடை குறையும். எந்த விலைக்கு என்பதே கேள்வி.

அந்த இளைஞர்கள் எந்நேரமும் குளிரை உணர்ந்தார்கள், எரிச்சலடைந்தார்கள், எதிலும் ஆர்வம் இழந்தார்கள். உணவைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாமல் சமையல் குறிப்புகளைச் சேகரித்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது நாளுக்கு ஏறத்தாழ 1,600 கலோரி. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடந்த இளைஞர்களுக்கு அது மிகவும் குறைவு. சிறிய உடலும் உட்கார்ந்த வேலையும் உள்ள ஒரு பெண்ணுக்கு அதே எண் நிறைவான உணவாக இருக்கலாம். எனவே எண்ணை மற்றவரிடமிருந்து கடன் வாங்காதீர்கள். ஆனால் அந்த எரிச்சலையும் குளிரையும் கவனியுங்கள். பிள்ளை கேட்ட சாதாரணக் கேள்விக்குக் கத்திவிட்டேன் என்று என்னிடம் அழுத தாய்மார்கள் உண்டு. விசாரித்தால் அன்று காலையிலிருந்து அவர்கள் எதுவும் உண்டிருக்க மாட்டார்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் ஒன்றுமே சாப்பிடுவதில்லை, ஆனால் எடை குறையவில்லை என்பவர்களை ஆராய்ந்து 1992-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களின் உடல் செலவு இயல்பாகவே இருந்தது. தாங்கள் உண்டதாகச் சொன்ன அளவு, உண்மையில் உண்டதைவிட 47 விழுக்காடு குறைவாக இருந்தது. அவர்களைப் பொய்யர்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். பிள்ளை வைத்த மீதி, சமைக்கும்போது பார்த்த ருசி, இரண்டாவது பிள்ளை கடித்துவிட்டு நீட்டிய பிஸ்கட் ஆகியவை யாருக்கும் உணவாகத் தோன்றுவதில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் மட்டும் 120 கலோரி இருக்கிறது. நின்றுகொண்டு உண்பது நினைவில் நிற்பதில்லை. தட்டில் போட்டு உட்கார்ந்து உண்பது நிற்கிறது. பெற்றோர் பலரிடம் இவை இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன: உட்கார்ந்து உண்ணும் வேளைகளில் போதாமை, நின்றுகொண்டு உண்பதில் மிகுதி.

பணியில் நான் கண்டவற்றால் ஓர் எச்சரிக்கையும் தர வேண்டும். நாளுக்கு 800 கலோரிக்குக் கீழான உணவுமுறை மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே மேற்கொள்ளத்தக்கது. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வேகமாக இளைத்தால் பித்தப்பைக் கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. திடீரென்று இளைத்த இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாக உதிரும்போது, பலர் எண்ணெயையும் சோப்பையும் மாற்றிப் பார்க்கிறார்களே தவிர, பழைய பட்டினியை நினைப்பதில்லை. மாதவிடாய் நின்றுபோனால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

பதின்பருவ மகளின் தந்தை

என் அனுபவம் வீட்டு மேசையைப் பற்றியது. நான் எடை குறைக்கத் தொடங்கியபோது இரவு உணவைத் தவிர்த்துவிட்டு, மற்றவர்கள் உண்ணும்போது அருகில் வெறுமனே உட்கார்ந்திருப்பேன். சில வாரங்களில் மகளும் தனக்குப் பசியில்லை என்று தட்டைத் தள்ளத் தொடங்கினாள். நாங்கள் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் முதல் நானும் எல்லோரோடும் உண்டேன். பாதித் தட்டு காய்கறி, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மீதியில் தானியம் என்று எல்லோர் தட்டும் ஒரே மாதிரி. அவள் வளரும் பிள்ளை என்பதால் அவளுடைய தானியப் பங்கு மட்டும் பெரிது. நீர்ச்சத்தும் நார்ச்சத்தும் மிகுந்த காய்கறி தட்டை நிறைப்பதால் குறைத்து உண்கிற உணர்வு எனக்கும் எழுவதில்லை. எடைக்கருவி எங்கள் அறைக்குள் போய்விட்டது. உடல் பருமனைப் பற்றிய சொற்களை மேசையில் பேசுவதில்லை என்று மனைவி விதித்திருக்கிறார். விருந்தாளிகளுக்கும் அது பொருந்தும்.

இரு பிள்ளைகளின் தாய்

செவிலியர் அம்மா எழுதியதைப் படித்துவிட்டு, ஒரு வாரம் நின்றுகொண்டு உண்பதை எல்லாம் ஒரு சிறு ஏட்டில் குறித்துப் பார்த்தேன். பெரும்பகுதி பிள்ளைகளின் மீதிதான். உணவை வீணாக்கக் கூடாது என்ற எண்ணமே அதற்குக் காரணம். ஆகவே அவர்களுக்கு முதலில் குறைவாகப் பரிமாறி, கேட்டால் மீண்டும் வைக்கிறேன். கை படாத மீதியை மூடி குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறேன். அது மறுநாள் என் மதியப் பெட்டிக்குப் போகிறது, அன்றைய கணக்கிலும் சேர்ந்துவிடுகிறது. இரவுப் பணிக்குச் செல்லும் சகோதரருக்கு ஒரு கேள்வி: எடையைக் குறைக்காமல் நிறுத்திவைக்கும் வாரங்களில் கலோரியைத் தொடர்ந்து எண்ணுகிறீர்களா, அல்லது பசியை மட்டும் நம்பி உண்கிறீர்களா? அடுத்த மாதம் என் பிள்ளைகளுக்குத் தேர்வுகள் வருகின்றன. அந்த வாரங்களுக்கு உங்கள் முறையைக் கையாளலாம் என்று நினைக்கிறேன்.

சுழற்சி முறைப் பணியில் இருக்கும் தந்தை

எண்ணுவதில்லை. காலைப் புரதத்தையும் இரவுப் பணிக்கு முந்தைய உணவையும் மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டு, மற்றவற்றில் ஒரு பங்கு தானியத்தைக் கூட்டிக்கொள்கிறேன். முதல் சில நாட்களில் எடைக்கருவி ஒரு கிலோ வரை ஏறிக் காட்டினால் கலங்காதீர்கள். மாவுச்சத்தை உடல் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கிறது; அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். ஏறியது பெரும்பாலும் அந்த நீர்தான், மீண்டும் குறைக்கத் தொடங்கியதும் முதலில் இறங்குவதும் அதுவே.