சொந்தமாக மேன்பவர் ஏஜென்சி தொடங்கினால் வரி குறையுமா? அவசரம்

எண்ணூர்க்காரன்:
வணக்கம். நாங்கள் ஏழு பேர், கருவிப் பராமரிப்பு வேலை. எங்களை அனுப்பும் ஏஜென்சி மாதாமாதம் கமிஷன் எடுக்கிறது. அதற்கு மேல் பத்து சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்த பிறகுதான் பணம் வருகிறது. நாங்களே ஏஜென்சி தொடங்கினால் இரண்டு சதவீதம்தான் பிடிப்பார்கள் என்கிறார் நண்பர். பார்ட்னர்ஷிப்பா, பிரைவேட் லிமிடெட்டா? திங்கட்கிழமை கையெழுத்து. உடனே சொல்லுங்கள்.

ராயபுரம் வாசகி:
ஒருவருக்கு ஆண்டுக்கு எவ்வளவு வருகிறது? பிடித்ததற்குச் சான்றாகப் படிவம் 16 (சம்பளத்துக்கு) கொடுக்கிறார்களா, 16ஏ-வா (சம்பளம் அல்லாத தொகைக்கு)? இது தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

மணலி வால்வு:
எந்த ஆலை, என்ன தயாரிக்கிறார்கள்? அதுதான் முக்கியம். இப்போது தனித்தனியாக இருப்பதால் உங்களில் யாரும் ஜி.எஸ்.டி. பதிவுக்கான ஆண்டு வரம்பான 20 லட்சத்தைத் தொட்டிருக்க மாட்டீர்கள். ஏழு பேர் பில்லும் ஒரே பெயரில் போனால் தாண்டிவிடும். ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், 18 சதவீதம். பெட்ரோலும் டீசலும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பதால் சுத்திகரிப்பு ஆலைக்கு அந்த வரியில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்காது. உங்கள் கூலியைத்தான் குறைக்கச் சொல்வார்கள்.

காலடிப்பேட்டை:
பிரைவேட் லிமிடெட் போடுங்கள். மனைவியை இயக்குநராக்கிச் சம்பளம் கொடுங்கள். வருமானம் இரண்டாகப் பிரிந்துவிடும்.

ராயபுரம் வாசகி:
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நிறுவனத்தில் உங்களுக்குக் கணிசமான பங்கு இருந்து, மனைவிக்கு அந்த வேலைக்கான தொழில்முறைத் தகுதி இல்லையென்றால், அவர் சம்பளம் உங்கள் வருமானத்தோடுதான் சேரும்.

தண்டையார்பேட்டை கணக்கர்:
இதே கேள்விக்குப் பலமுறை எழுதிவிட்டேன். தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. பிடித்தம் வேறு, வரி வேறு என்பதை முதலில் மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். பார்ட்னர்ஷிப் நிறுவனத்துக்கு, பங்குதாரர்களுக்கு வரம்புக்குள் கொடுக்கும் ஊதியத்தைக் கழித்து மிஞ்சும் லாபத்தில் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி, செஸ் (வரி மேல் வரி) சேர்த்து 31.2. அந்த ஊதியம் ஆண்டுக்கு 20,000-ஐத் தாண்டினால் அதிலும் பத்து சதவீதம் பிடிக்க வேண்டும், 2025 ஏப்ரலிலிருந்து. வாசலில் விரட்டிய பத்து சதவீதம் கொல்லைப்புறமாக உள்ளே வந்து உட்காரும்.

மணலி வால்வு:
கணக்கர் ஐயா, ஜி.எஸ்.டி.யைத் தொடவே இல்லையே? அனல்மின் நிலையமாக இருந்தாலும் இதே கதைதான். மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, ஆகவே உள்ளீட்டு வரி வரவும் (வாங்கியதற்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யைத் தாங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்வது) கிடையாது.

தண்டையார்பேட்டை கணக்கர்:
நிலையத்துக்கு நேராக பில் போடுகிறார்கள் என்று உங்களிடம் யார் சொன்னது? நடுவில் பெரிய ஒப்பந்ததாரர் இருந்தால் அவர் 18 சதவீதத்தை வரவு எடுத்துக்கொள்வார். வால்வு திருகுபவர்கள் வரிச் சட்டம் பேசினால் இப்படித்தான் ஆகும்.

மணலி வால்வு:
இருபது ஆண்டுகளாக பில் போட்டுச் சாப்பிடுகிறவன் நான். நடுவில் ஆள் இருக்கிறார் என்று மட்டும் உங்களிடம் யார் சொன்னது? தொழிலைக் குறைவாகப் பேசாதீர்கள்.

ராயபுரம் வாசகி:
இருவரும் நிறுத்துங்கள். கேட்டவர் இன்னும் விவரமே தரவில்லை.

எண்ணூர்க்காரன்:
மன்னிக்கவும், ஷிப்டில் இருந்தேன். வேலை அனல்மின் நிலையத்தில்தான். ஏஜென்சி தொடங்கினால் பில் அங்குள்ள பெரிய ஒப்பந்ததாரருக்குப் போகும். 16ஏ. ஒருவருக்கு ஆண்டுக்கு ஒன்பது லட்சம். வேறு வருமானம் இல்லை. அதுதான் வரியைப் பிடித்துவிட்டார்களே என்று மூன்று ஆண்டுகளாக ரிட்டர்ன் போடவில்லை.

ராயபுரம் வாசகி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! பிடித்த 90,000 ரூபாய் அரசாங்கத்திடம் உங்கள் பெயரில் கிடக்கிறது. 2025-26 முதல் புதிய வருமான வரி முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்குத் தள்ளுபடி உண்டு. ஒன்பது லட்சத்துக்கு வரியே இல்லை. ரிட்டர்ன் போட்டால் முழுத் தொகையும் திரும்பி வரும். காலக்கெடு தவறினாலும் தாமத ரிட்டர்னுக்கு டிசம்பர் 31 வரை இடமுண்டு, அபராதத்துடன். அதற்குப் பிறகு போடும் புதுப்பித்த ரிட்டர்னில் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. பழைய ஆண்டுகளுக்குத் தாமதத்தை மன்னிக்கக் கோரி வருமான வரித் துறைக்கு மனுக் கொடுக்க வேண்டும். உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை இன்றே இறக்கி, பிடித்தது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏழு பேரும்.

தண்டையார்பேட்டை கணக்கர்:
வாசகி சொல்வது சரி. வரிக்காக ஏஜென்சி வேண்டாம். கமிஷனுக்காக என்றால் அது தனிக் கணக்கு.

எண்ணூர்க்காரன்:
26ஏஎஸ் பார்த்தேன். ஐந்து பேருக்கு ஏறியிருக்கிறது, இருவருக்கு இல்லை. கையெழுத்தைத் தள்ளிவைத்துவிட்டோம். நாளை ஆடிட்டரிடம் போகிறோம். நன்றி அக்கா.

மணலி வால்வு:
அந்த இருவருடைய பிடித்தம் எங்கே போயிற்று? ஏஜென்சியிடம் எழுத்தில் கேளுங்கள். கமிஷன் எத்தனை சதவீதம் என்பதையும் இங்கே சொல்லுங்கள்.

மணலி வால்வு:
தம்பி, இருக்கிறீர்களா?