உதவி: வெளிநாடு போகிறேன், பி.எஃப். பென்ஷன் பணத்தை எடுக்கலாமா?

ஓசூர்மணி:
நண்பர்களே, அவசரம். வேலையை விட்டாச்சு, அடுத்த மாதம் ஃபிளைட். பென்ஷன் பங்கையும் 10-சி படிவம் போட்டு எடுத்துவிடச் சொல்கிறார் கம்பெனி எச்.ஆர். எடுக்காவிட்டால் பணம் வீணாகிவிடுமா? இன்றே சொல்லுங்கள்.

கயல்விழி:
எந்த நாடு? எத்தனை வருட சர்வீஸ்? கம்பெனியே அனுப்புகிறதா, ராஜினாமா செய்து போகிறீர்களா?

தோஹா பாய்:
எடுத்துடுங்க தம்பி. வளைகுடாவில் நமக்குப் பென்ஷன் கிடையாது, கிளம்பும்போது கிராஜுவிட்டிதான். கையில் இருக்கும் காசுதான் காசு.

பி.எஃப். வாத்தியார்:
இந்தக் கேள்விக்கு நூறு முறை பதில் எழுதிவிட்டேன். பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்தால் என்ன? 10 வருடம் நிறைந்தால் பென்ஷன் பங்கை எடுக்கவே முடியாது. குறைவாக இருந்தால் அதே 10-சியில் பணம் வேண்டாம், ஸ்கீம் சர்டிபிகேட், அதாவது சர்வீஸ் காலத்தைக் காத்து வைக்கும் சான்று, வேண்டும் என்று கேட்கலாம். நாட்டைச் சொல்லாமல் மேலே பேச ஒன்றுமில்லை.

ஓசூர்மணி:
மன்னிக்கவும். ஜெர்மனி, சொந்த முயற்சியில். ஓசூரில் 8 வருடம் 9 மாதம். பேசிக் 15,000.

கயல்விழி:
அப்படியானால் எடுக்காதீர்கள்! இந்தியா–ஜெர்மனி சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே 1 முதல் நடப்பில் உள்ளது. இரண்டு நாட்டுக் காலத்தையும் கூட்டித் தகுதி பார்ப்பார்கள். பணத்தை மட்டும் அவரவர் பங்குக்குத் தருவார்கள். ஜெர்மனியில் குறைந்தது 5 வருடக் காலம் வேண்டும், நமக்கு 10. இங்கே எடுத்துவிட்டால் கூட்டுவதற்கு இந்தியக் காலமே இருக்காது.

நாமக்கல் சேகர்:
பென்ஷன் கணக்கு என்பது சம்பளம் பெருக்கல் வருடம் வகுத்தல் 70. உங்கள் 8 வருடம் 9 மாதம் 9 ஆகும், 15,000 பெருக்கல் 9 வகுத்தல் 70. மாதம் 1,928 ரூபாய், அதுவும் 58 வயதில். இப்போது எடுத்தால் 1,30,000-க்கு மேல் வரும். வங்கியில் போட்டாலே வட்டி வளரும்.

கயல்விழி:
சேகர், நாளைக்கு இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் வங்கி டெபாசிட் குடும்பத்துக்கு மாதாமாதம் பென்ஷன் தருமா? சர்டிபிகேட் இருந்தால் மனைவிக்குக் குடும்ப பென்ஷன் கிடைக்க வழி உண்டு. என் அக்கா வீட்டில் இதைப் பார்த்தேன். சின்னத் தொகைதான், ஆனால் மாதம் தவறாமல் வருகிறது.

தோஹா பாய்:
ஜெர்மனிக்காரருக்கு ஒப்பந்தம், எங்களுக்கு ஒன்றுமில்லை. கேரளாவில் பிரவாசி (வெளிநாடு வாழ் கேரளத்தவர்) நல வாரியத்தில் பணம் கட்டினால் 60 வயதுக்குப் பிறகு பென்ஷன். பக்கத்து மாநிலம்தானே, நமக்கும் அப்படி வேண்டாமா?

நாமக்கல் சேகர்:
பாய், என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) இருக்கிறதே, வெளிநாட்டில் இருந்தாலும் சேரலாம்.

தோஹா பாய்:
கட்டடத்தில் கம்பி கட்டும் ஆள் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பியது போக என்ன மிஞ்சும், என்.பி.எஸ். போட?

பி.எஃப். வாத்தியார்:
தலைப்புக்கு வாருங்கள். மணி, ஓசூருக்கு முன்னால் வேறெங்காவது பி.எஃப். பிடித்தார்களா? பாஸ்புக்கில் எத்தனை மெம்பர் ஐ.டி. (ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி பி.எஃப். எண்) இருக்கிறது? பங்கு கட்டாத நாட்கள் என்ற கட்டத்தையும் பாருங்கள். 9 வருடம் 6 மாதம் தாண்டினாலே 10 என்று கணக்காகும்.

ஓசூர்மணி:
திருப்பூரில் 11 மாதம், தனி ஐ.டி. அதை எடுக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை.

பி.எஃப். வாத்தியார்:
அப்போது 9 வருடம் 8 மாதம். பங்கு கட்டாத நாட்கள் அதிகம் இல்லையென்றால் ஜெர்மனியைக் கூட்டாமலேயே இங்கே தகுதி வந்துவிடும். இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். முதலில் அதை மாற்றக் கோரிக்கை போடுங்கள், அப்புறம் சர்டிபிகேட்டுக்கு 10-சி.

நாமக்கல் சேகர்:
10 வந்தாலும் மாதம் 2,142-தான். சொல்லிவிட்டேன்.

ஓசூர்மணி:
எச்.ஆரிடம் பணம் வேண்டாம் என்று சொல்லியாச்சு. திருப்பூர் கணக்கை மாற்ற ஆன்லைனில் போட்டுவிட்டேன். பழைய கம்பெனி ஒப்புதலுக்கு நிற்கிறது. நன்றி.

தோஹா பாய்:
வாரிய விஷயத்துக்குத் தனி இழை தொடங்குகிறேன். விவரம் தெரிந்தவர்கள் அங்கே வாருங்கள்.