மூக்குத்தியும் மீசையும்: சைகை மொழியோடு எங்கள் அனுபவங்கள்

சத்துவாச்சாரியிலிருந்து

வேலூர் லாங் பஜார் பக்கம் எனக்கு ரவிக்கை தைத்துத் தரும் அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஏழெட்டு வருடமாக ஒரு சின்ன நோட்டில் எழுதித்தான் அவரிடம் பேசுவேன். "கை அரை இன்ச் நீளம்", "வெள்ளிக்கிழமை வேண்டும்". அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அமைதியான மனிதர் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் அவருடைய நண்பர் கடைக்கு வந்தார். ஏதோ கல்யாணப் பந்தியில் நடந்த சண்டையைக் கையால் சொல்ல ஆரம்பித்தார். தோளை இந்தப் பக்கம் திருப்பினால் மாமனார், அந்தப் பக்கம் திருப்பினால் மாப்பிள்ளை. இரண்டு பேரின் கோபமும் ஒரே முகத்தில் மாறி மாறி வருகிறது. அண்ணன் சிரித்த சிரிப்பில் ஊசி கீழே விழுந்தது. என் நோட்டுக்குள் மட்டும்தான் அவர் அமைதி என்று அன்றைக்குப் புரிந்தது.

ஏழாவது படிக்கும் அவர் மகளுக்குக் காது கேட்கும். அந்தப் பிள்ளையிடம்தான் சைகை மொழி கற்றுக்கொள்கிறேன். மூக்குத்தி இருக்கும் இடத்தை விரலால் தொட்டால் பெண், மீசையை முறுக்கினால் ஆண். கட்டைவிரலை நிமிர்த்தினால் நல்லது, சுண்டுவிரலை நீட்டினால் கெட்டது. 'பேர் என்ன' என்று நாம் கேட்பது போலவே இந்திய சைகை மொழியிலும் 'என்ன' கடைசியில்தான் வருகிறது. இது வெளியிலிருந்து வந்த மொழி இல்லை, நம் வீட்டுத் திண்ணையில் வளர்ந்தது என்று தோன்றியது.

ஆனால் முதல் தடவை சொதப்பிவிட்டேன். "தைத்து முடிந்ததா?" என்று கேட்கப் போய் கையை மட்டும் அசைத்தேன். அவர் புரியாமல் பார்த்தார். "அக்கா, புருவத்தைத் தூக்குங்க. இல்லேன்னா முடிஞ்சிடுச்சுன்னு நீங்களே சொல்ற மாதிரி இருக்கு" என்றாள் மகள். கேள்விக்குறி முகத்தில் இருக்கிறது!

போன பொங்கலுக்கு அண்ணன் எனக்கு ஒரு பெயர் வைத்தார். என் மோவாயில் இருக்கும் மச்சத்தைத் தொட்டுக் காட்டுவார், அதுதான் நான். அவர்கள் மொழியில் யாருக்கும் பெயரை எழுத்துக் கூட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டார்களாம். பழகியவர்கள் பார்த்து வைப்பதுதான் பெயர்.

ஆம்பூரிலிருந்து

அக்கா எழுதியதைப் படித்ததும் எங்கள் ஷூ கம்பெனி ஞாபகம் வந்தது. தையல் மெஷின்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவனிடம் கத்தினாலும் கேட்காது. காது கேளாத நாலு பேர் மட்டும் ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நிம்மதியாகப் பேசுவார்கள். இப்போது எங்கள் லைனில் எல்லோருக்கும் கொஞ்சம் சைகை தெரியும். செப்டம்பர் 23 சர்வதேச சைகை மொழிகள் தினம். 1951-ல் உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பு ரோமில் தொடங்கிய நாள் அது. போன வருடம் அன்றைக்கு கேக் வெட்டினோம். யாரும் கைதட்டவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி விரித்து ஆட்டினோம், அதுதான் அவர்கள் கைதட்டல்.

குடியாத்தத்திலிருந்து

என் தம்பி கதை வேறு. அவன் படித்த பள்ளியில் கையை அசைத்தால் விரல் முட்டியில் ஸ்கேலால் அடி விழும். "வாயைப் பார், வாயைப் பார்" என்பார்கள். பத்து வருடம் வாயைப் பார்த்தான், பாடம் ஏறவில்லை. அதன் வேர் எங்கே என்று பின்னால்தான் படித்தேன். 1880-ல் மிலான் நகரில் நடந்த மாநாட்டில், காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சு வழியாகத்தான் கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். போட்டவர்கள் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்கும் ஆசிரியர்கள். 2010-ல் கனடாவின் வான்கூவரில் நடந்த அதே வரிசை மாநாட்டில்தான் அதற்கு வருத்தம் தெரிவித்தார்கள். 130 வருடம்! என் தம்பியின் பள்ளிக்கூட வயது அதற்குள் போய்விட்டது.

பதினெட்டு வயதில் சென்னைக்கு வேலைக்குப் போனான். அங்கே காது கேளாத நண்பர்களோடு தங்கி ஆறே மாதத்தில் மொழி பிடித்துக்கொண்டான். ஊருக்கு வந்தபோது சின்ன வயதில் பாலாற்று மணலில் தொலைந்துபோன கதையை முதல் தடவையாக முழுசாகச் சொன்னான். பயந்தது, நாய் துரத்தியது, எல்லாம். அதுவரை அம்மாவுக்கும் அது தெரியாது.

டெல்லியில் இருக்கும் இந்திய சைகை மொழி மையம் 2018-ல் 3,000 சொற்களோடு வீடியோ அகராதி வெளியிட்டது, 2021-ல் அது 10,000 ஆனது. தம்பி அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "இதை நாங்க வேற மாதிரி காட்டுவோம்" என்று சிலதைத் திருத்துவான். அகராதி நல்லதுதான், ஆனால் அவன் காட்டும் விதமும் எங்கேயாவது பதிவாக வேண்டும் என்பது என் ஆசை.

போன மாதம் காட்பாடி ஜங்ஷனில் அவனை ரயில் ஏற்றிவிட்டேன். ஏசி பெட்டி, கண்ணாடி திறக்காது. பிளாட்பாரத்தில் எல்லோரும் கண்ணாடியைத் தட்டி "சாப்பாடு எடுத்துக்கிட்டியா?" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் அம்மாவின் முழங்கால் வலி பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ரயில் நகர்ந்து, அவன் கை தெரியாமல் போகும் வரைக்கும்.