68 வயதில் கருப்பை இறக்கத்துக்கு அறுவை சிகிச்சை: அம்மா தயங்குகிறார், என்ன செய்யலாம்?

கேள்வி

மன்னார்குடிக்கு அருகே கிராமத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு வயது 68. ஐந்து பிள்ளைகளையும் வீட்டிலேயே பெற்று, ஒவ்வொரு பேறுக்குப் பின்னும் ஒரு மாதம்கூட முழுதாக ஓய்ந்திராமல் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். சென்ற மாதம் காய்ச்சலில் கிடந்த அவருக்கு உடை மாற்றிவிட்டபோதுதான், எலுமிச்சம்பழ அளவுக்குச் சதை வெளியே வந்திருப்பதைப் பார்த்தேன். கேட்டதற்கு, "அடி இறங்கி ஏழெட்டு வருடமாகிறது, படுத்தால் உள்ளே போய்விடும், இதைப் போய் யாரிடம் சொல்வது" என்றார். சிறுநீர் முழுதாகப் பிரிய வேண்டுமானால் விரலால் அதை உள்ளே தள்ளிக்கொள்ள வேண்டியிருக்கிறதாம்.

பரிசோதித்த மருத்துவர், கருப்பையோடு சிறுநீர்ப்பையும் இறங்கியிருப்பதாகவும், இது மூன்றாம் நிலை என்றும், கருப்பையைக் கீழ்வழியாக எடுத்துத் தளர்ந்த இடத்தைத் தைத்துவிடலாம் என்றும் கூறினார். அம்மாவுக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. "இந்த வயதில் கத்தி வேண்டாம்" என்று மறுக்கிறார். கத்தியின்றி வழி இருக்கிறதா? செய்துகொண்டால் தேறி எழுந்து நடமாட எவ்வளவு காலமாகும்? அனுபவப்பட்டவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (மகளிர் பிரிவில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற செவிலியர்)

முதலில் உங்கள் அம்மாவிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: இது புற்றுநோய் அன்று, அவர் செய்த தவறும் அன்று. கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் பேறுகாலங்களில் தளர்ந்து, மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது மேலும் மெலிகின்றன. அதன்மேல் மலச்சிக்கலும் நாள்பட்ட இருமலும் சுமை தூக்குவதும் சேர்ந்தால் உறுப்புகள் கீழே சரிகின்றன. எங்கள் பிரிவுக்கு வந்த பாட்டிமார்களில் பலர் பத்து ஆண்டுகள் பழந்துணியை வைத்துக் கட்டிக்கொண்டு சமாளித்தவர்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அந்தத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் கீகல் பயிற்சி முதலிரண்டு நிலைகளில் நல்ல பயன் தரும்; அதையும் இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் நான்கு மாதங்களாவது செய்ய வேண்டும். மூன்றாம் நிலையில் பயிற்சி மட்டுமே போதும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். கத்தியில்லாத வழி என்றால் அது பெசரி எனப்படும் சிலிக்கோன் வளையம்தான். உள்ளே பொருத்தியதும் கருப்பையைத் தாங்கிக்கொள்ளும். அளவு சரியாக அமைய இரண்டு மூன்று முறை மாற்றிப் பார்க்க நேரலாம்.

எந்த வழியானாலும் வெளியே வந்த சதையில் உராய்ந்த புண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் புண்ணை முதலில் ஆற்றியாக வேண்டும். மாதவிடாய் நின்றபின் எப்போதாவது இரத்தம் பட்டிருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் கூறுவது கட்டாயம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே அறுவைக்கு நாள் குறிப்பார்கள்.

இறங்கிய உறுப்பைத் தாங்குவதற்காக உள்ளே செயற்கை 'வலை' வைத்ததால் வந்த தொல்லைகளை இணையத்தில் படித்து அஞ்சுவோர் உண்டு. கீழ்வழியாக வைத்த அந்த வலைகளின் விற்பனையை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019 ஏப்ரலில் நிறுத்தியது உண்மைதான். உங்கள் அம்மாவுக்கு மருத்துவர் கூறியிருப்பது அவருடைய சொந்தத் திசுவையே தைக்கும் சிகிச்சை, அது வேறு.

மறுமொழி 2

எனக்கு 66 வயது. சென்ற ஆண்டு இதே அறுவையைச் செய்துகொண்டேன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். வயிற்றில் வெட்டு எதுவும் இல்லை. உள்ளே அடைத்த துணியை மறுநாளும் சிறுநீர்க் குழாயை இரண்டாம் நாளும் எடுத்தார்கள். குழாய் எடுத்தபின் சிறுநீர் தானாக முழுதும் பிரிகிறதா என்று பார்த்த அந்த ஒரு நாள்தான் எனக்குக் கவலையாக இருந்தது. ஐந்தாம் நாள் வீடு திரும்பினேன்.

உண்மையான சோதனை வீட்டில்தான் தொடங்கியது. இரண்டு வாரத்தில் வலி போய்விடும். நன்றாகிவிட்டோம் என்ற எண்ணத்தில் கை தானாகவே தண்ணீர்க் குடத்தை நோக்கிப் போகும். முதல் ஆறு வாரம் எதையும் தூக்கக் கூடாது என்றும், குடம், அரிசி மூட்டை, சிலிண்டர் ஆகியவற்றை மூன்று மாதத்துக்குத் தொடவே கூடாது என்றும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். என் மகன் குடங்களை எடுத்துவிட்டுச் சிறு சொம்புகளை மட்டும் வைத்தான். முக்காமல் மலம் கழிப்பதற்காக இரவில் இசப்கோல் உமி, உயரமான கழிப்பறை இருக்கை, நிறையத் தண்ணீர் என்று பழகினேன். தையல் கரையும்வரை சில வாரம் கசிவு இருந்தது. காய்ச்சல், துர்நாற்றம், அதிக இரத்தப்போக்கு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே வரச் சொன்னார்கள். எனக்கு எதுவும் வரவில்லை. தைத்த இடம் பிற்காலத்தில் மறுபடி தளர வாய்ப்புண்டு என்பதையும் முன்கூட்டியே கூறினார்கள். ஆயினும் விரலால் தள்ளாமல் சிறுநீர் கழித்த முதல் நாளில் நான் அழுதேன்.

மறுமொழி 3

என் மாமியாருக்கு 81 வயது. இதயம் பலவீனமாக இருப்பதால் வளையத்தையே தேர்ந்தெடுத்தோம். அதனால் மூன்று ஆண்டுகளாகக் கோயிலுக்கு நடந்து போய்வருகிறார். ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும்: இடையில் ஓராண்டுக்கு மேல் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல மறந்துவிட்டோம்; துர்நாற்றத்துடன் கசிவு வந்த பிறகே போனோம்; உள்ளே புண்ணாகியிருந்தது. ஆற்றுவதற்கு வளையத்தை எடுத்துவிட்டு ஈஸ்ட்ரோஜன் களிம்பு கொடுத்தார்கள். இப்போது நான்கு மாதத்துக்கு ஒருமுறை என்று நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

அனைத்தையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாவது மறுமொழியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார். சர்க்கரை குறையும்வரை வளையம், பிறகு அறுவை என்ற அளவுக்கு இசைந்திருக்கிறார். அந்த அம்மாவிடம் ஒன்று கேட்கச் சொன்னார்: மறுபடி தரையில் உட்கார்ந்து கீரை ஆயலாமா?

மறுமொழி 2

நான் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, இன்னொரு முக்காலியில் முறத்தை வைத்துக்கொண்டு ஆய்கிறேன் என்று சொல்லுங்கள். இன்று காலையிலும் முருங்கைக்கீரை ஆய்ந்தேன்.